ரெண்டு சக்கரம்: வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வெளிநாட்டுக்கு வண்டி ஓட்டிப் போவது பற்றித்தான். மழை நின்றால் நம் பசங்களுக்குக் கால் தரையில் நிற்காது போலிருக்கிறது. வழக்கம்போல யார் பெயரையும் போடவில்லை. ஊரும் தொழிலும் தெரிந்தால் போதும்.

*அண்ணே, நாங்கள் ஏழு பேர், பள்ளிக்கூடக் காலத்துக் கூட்டாளிகள். தீபாவளி முடிந்த கையோடு சொந்த வண்டியில் நேபாளம் போய் முக்திநாத் பார்த்துவிட்டு வரலாம் என்று திட்டம். நாலு புல்லட், ஒரு 400 சிசி, ரெண்டு 150 சிசி. இந்தச் சின்ன வண்டிகள் மலை ஏறுமா என்று பயமாக இருக்கிறது. 12 நாள் லீவு போதுமா?*
– லுங்கி வியாபாரி, குடியாத்தம்

ஏறும். நேபாள மலைகளில் உள்ளூர்ப் பசங்க ஓட்டுவதே பெரும்பாலும் 150, 200 சிசி வண்டிகள்தான். எனக்குக் கவலை அந்த 400 சிசிக்காரர் மேல்தான். நெடுஞ்சாலையில் அவர் முறுக்கிக்கொண்டு முன்னால் போவார். சின்ன வண்டிக்காரர் ரெண்டு பேரும் பின்தங்கிவிடக் கூடாதே என்று தங்கள் வண்டியைப் பிழிந்து எடுப்பார்கள். மூன்றாம் நாள் சாயங்காலம் ஒரு பஞ்சர் ஆகும், அன்றைக்குச் சண்டை ஆரம்பிக்கும். என் பட்டறைக்கு வந்து பாதியில் முடிந்த பயணத்தின் கதையைச் சொன்னவர்களில் இன்ஜினைக் குறை சொன்னவர்கள் குறைவு. கூட வந்தவனைச் சொன்னவர்கள்தான் அதிகம்.

அதனால் வரிசையை இங்கேயே முடிவு செய்துகொண்டு கிளம்புங்கள். வழி தெரிந்த, அவசரமில்லாத ஒரு புல்லட்காரர் முன்னால். அவருக்கு அடுத்து 150 சிசி ரெண்டும். அப்போதுதான் கூட்டத்தின் வேகம் அவர்களுடைய வேகமாக இருக்கும். 400 சிசி கடைசியில் வரட்டும்; டூல்ஸ் பை, பஞ்சர் கிட், காற்றடிக்கும் பம்பு எல்லாம் அவரிடம் இருக்கட்டும். யாராவது நின்றால் நிற்க வேண்டிய ஆள் அவர். வேகமான வண்டிக்குத்தான் பின்னாலிருந்து வந்து பிடிக்கிற தெம்பு உண்டு. இப்படி ஒரு பொறுப்பைக் கொடுத்துவிட்டால் அவருக்கும் மரியாதை, உங்களுக்கும் நிம்மதி. நேர்கோட்டில் ஒருவர் முதுகில் ஒருவர் ஒட்டாமல், இடமும் வலமுமாக மாற்றி மாற்றி ஓட்டுங்கள். முன்னால் போகிற வண்டிக்கும் உங்களுக்கும் ரெண்டு வினாடி இடைவெளி குறையக் கூடாது. கண்ணாடியில் பின்னால் வருகிறவர் தெரியவில்லையென்றால் வேகத்தைக் குறைக்க வேண்டும். இந்த ஒரு விதியை ஏழு பேரும் காப்பாற்றினால் யாரும் காணாமல் போக மாட்டார்கள்.

இனி நாள் கணக்கு. குடியாத்தத்திலிருந்து சித்தூர், கடப்பா, கர்னூல், ஹைதராபாத், நாக்பூர், ஜபல்பூர், பிரயாக்ராஜ், கோரக்பூர், அங்கிருந்து சோனௌலி எல்லை. 2,000 கிலோமீட்டருக்கு மேல். ஏழு பேர் கூட்டம் ஒரு நாளில் 400 ஓட்டினால் அது நல்ல ஓட்டம். ஆக எல்லையைத் தொடவே ஐந்து, ஆறு நாள். திரும்பி வரவும் அவ்வளவே. உங்கள் 12 நாளில் கோரக்பூர் வாழைப்பழம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பலாம். லீவு இவ்வளவுதான் என்றால் வண்டியைச் சென்னையிலிருந்து ரயில் பார்சலில் கோரக்பூருக்கு அனுப்பிவிட்டு நீங்களும் ரயிலேறுங்கள். பார்சலுக்கு முன் டேங்கில் பெட்ரோல் துளி இருக்கக் கூடாது, ஆர்சி நகல் கையில் இருக்க வேண்டும். ஹேண்டில், டேங்க், இண்டிகேட்டர் மூன்றுக்கும் சாக்குத் துணி சுற்றி, நீங்களே நின்று கட்டச் சொல்லுங்கள். வண்டி உங்களுக்கு முன்னாலோ பின்னாலோ போய்ச் சேரலாம், அதற்கும் ஒரு நாள் ஒதுக்குங்கள்.

எல்லையில் விசா தேவையில்லை. ஆனால் ஆதார் அட்டையை நீட்டாதீர்கள். 15 வயதுக்கு மேல் 65 வயதுக்குள் இருப்பவர்களுக்கு அது செல்லாது. பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை வேண்டும். வண்டிக்கு நேபாளச் சுங்கத்தில் 'பன்சார்' என்ற சீட்டு எடுக்க வேண்டும். எத்தனை நாள் இருப்போம் என்று சொல்லி நாள் கணக்கில் கட்டணம் கட்டுவது. ஒரு நாள் கூடுதலாகவே கட்டிவிடுங்கள். மண் சரிந்து ரோடு மூடினால் சீட்டுக் காலம் கடந்துபோய் அபராதம் கட்டுகிற வேதனை தனி. அசல் ஆர்சி, அசல் லைசென்ஸ் கையில் இருக்கட்டும். செல்போனில் இருக்கிற டிஜிலாக்கரை நம்பிப் போகாதீர்கள். செலவுக்கு 100 ரூபாய் நோட்டுகளாகக் கொண்டுபோங்கள். நம் ஒரு ரூபாய் அங்கே 1.60.

பலரும் விட்டுவிடுகிற விஷயம் இன்ஷூரன்ஸ். நம் வண்டி பாலிசி இந்திய எல்லையோடு நின்றுவிடும். நேபாளம், பூடான், வங்கதேசம், இலங்கை, மாலத்தீவு, பாகிஸ்தான் ஆகிய நாடுகளுக்கு அதை நீட்டித்துத் தரும் ஒரு சேர்க்கை ரொம்ப நாளாகவே இருந்து வருகிறது. கூடுதல் பிரீமியம் கொஞ்சம்தான். ஏஜென்ட் 'அப்படி ஒன்றும் இல்லை சார்' என்பார். பரப்பெல்லை நீட்டிப்பு என்று கேட்டு, எழுத்தில் வாங்குங்கள்.

இனி நேபாளத்துக்குள் முக்திநாத் போகிற வழி. போக்ரா நகரத்திலிருந்து பேனி வரை ரோடு சரி. பேனிக்கு மேல் காளி கண்டகி ஆற்றோரம் கல்லும் சேறும் தூசியும் கலந்த ரோடு. அந்தப் பள்ளத்தாக்கில் மதியத்துக்குமேல் காற்று ஆளைத் தள்ளும், அதனால் ஜோம்சோம் பக்கம் ஓட்டுவதையெல்லாம் காலையிலேயே முடித்துக்கொள்ளுங்கள். அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதிக்குத் தனி அனுமதி உண்டு. சார்க் நாட்டவர் என்பதால் நமக்குக் கட்டணம் குறைவு, போக்ராவிலேயே எடுத்துவிடலாம்.

முக்திநாத் 3,700 மீட்டருக்கு மேல் இருக்கிறது. 108 திவ்ய தேசங்களில் சாளக்கிராமம் என்று நம்மவர்கள் சொல்லும் தலம் இது. பௌத்தர்களுக்கும் புனிதம். அங்கே உள்ள 108 நீர்த்தாரைகளில் தலை நனைக்கிற ஆசை உங்கள் எல்லாருக்கும் வரும். நவம்பரில் அந்தத் தண்ணீர் எப்படி இருக்கும் என்பதை நான் சொல்லப் போவதில்லை. போக்ரா 800 மீட்டர் உயரம்தான். ஒரே நாளில் மேலே ஏறித் தூங்கினால் தலைவலி, வாந்தி வரும். நடுவில் ஒரு ராத்திரி, ஜோம்சோமில் ஒரு ராத்திரி தங்கி, காலையில் கோயிலுக்குப் போய்விட்டு அன்றே கீழே இறங்கிவிடுங்கள். மேலே போய்த் தலைவலி எடுத்தால் மாத்திரை தேடாதீர்கள், இறங்குங்கள்.

மாதம் சரியாகத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள், வானம் தெளிவாக இருக்கும். டிசம்பர் நடுவுக்குள் உத்தரப் பிரதேசத்தைத் தாண்டி வந்துவிடுங்கள். அதற்குமேல் அங்கே காலை மூடுபனியில் பத்தடி முன்னால் போகிற லாரி தெரியாது.

கடைசியாக ஒன்று. கிளம்பும் முன் ஏழு பேரும் மூட்டை முடிச்சோடு போளூர் வழியாக ஜமுனாமரத்தூர் ஏறி, காவலூர், ஆலங்காயம் இறங்கி, வாணியம்பாடி போய், பொன்னேரியிலிருந்து ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவையும் ஏறிவிட்டு வாருங்கள். ஒரு ராத்திரி மேலே தங்கல். எங்கே டீ குடிப்பது என்பதில் ஆரம்பித்து யார் முன்னால் போவது என்பது வரை எல்லாச் சண்டையும் அங்கேயே வந்துவிடும். வந்தால் நல்லது, வீட்டுக்கு அறுபது கிலோமீட்டர்தான்.

*வண்டி லோனில் இருக்கிறது. வெளிநாடு கொண்டுபோகலாமா?*
– தொழிற்சாலை ஊழியர், ராணிப்பேட்டை

லோன் முடியும்வரை வண்டியில் கடன் கொடுத்தவருக்கும் பங்கு. அவர்களிடம் தடையில்லாச் சான்று எழுதி வாங்காமல் எல்லை பக்கம் போகாதீர்கள். ஆர்சி உங்கள் பெயரில் இல்லாமல் தம்பி பெயரிலோ அப்பா பெயரிலோ இருந்தால் அவர் கையெழுத்திட்ட அனுமதிக் கடிதமும் வேண்டும்.

*ஐயா, வாணியம்பாடியிலிருந்து லண்டனுக்கு ரோட்டிலேயே போக எனக்கும் என் நண்பனுக்கும் ஆசை. எந்த வழி நல்லது?*
– பொறியியல் மாணவர், வாணியம்பாடி

ஆசைக்கு நான் குறுக்கே நிற்கவில்லை தம்பி, எல்லைகள்தான் நிற்கின்றன. மேற்கே அட்டாரி வாகா வழி 2025 ஏப்ரல் முதல் மூடியிருக்கிறது. கிழக்கே மணிப்பூரின் மோரே வழியாக மியான்மரில் நுழைந்து தாய்லாந்து போகிற பாதை 2018-ல் ஒப்பந்தம் போட்டுத் திறந்தது. கொஞ்ச காலம் ஆட்கள் போனார்கள். 2021 பிப்ரவரியில் அங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்ததோடு அந்தக் கனவு படுத்துவிட்டது. 'சிங்கப்பூர் வரை ரோட்டிலேயே' என்று கேட்டவர்களுக்கும் இதே பதில்தான். வடக்கே நேபாளம், திபெத் வழி என்றால் சீனாவில் அரசு அங்கீகாரம் பெற்ற வழிகாட்டி கூடவே வர வேண்டும், தற்காலிக நம்பர் பிளேட், தற்காலிக லைசென்ஸ் எல்லாம் எடுக்க வேண்டும். அந்தச் செலவை ரெண்டு பேர் தோளில் சுமக்க முடியாது, அதனால்தான் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து போகிறார்கள்.

ஈரான் போன்ற நாடுகளுக்கு வண்டியைக் கப்பலில் அனுப்பினால் 'கார்னே' என்கிற சுங்கப் புத்தகம் வேண்டும். வண்டிக்கு எடுக்கிற பாஸ்போர்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டோமொபைல் சங்கம் கொடுக்கும், ஒரு வருடம் செல்லும், அதற்கு ஈடாகக் கணிசமான தொகையோ வங்கி உத்தரவாதமோ கேட்பார்கள். வண்டியை அந்த நாட்டில் விற்றுவிட்டு வந்துவிட்டால் அந்தப் பணம் போச்சு. ஒவ்வொரு எல்லையிலும் உள்ளே போகும்போது ஒரு முத்திரை, வெளியே வரும்போது ஒரு முத்திரை. வெளியேறுகிற முத்திரை ஒன்று விடுபட்டாலும் ஊர் திரும்பி மாதக்கணக்கில் கடிதம் எழுத வேண்டியதுதான். முதலில் டிகிரியை முடி. அதற்குள் ஏதாவது ஒரு கதவு திறக்கலாம்.

*நான் தோல் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். எங்கள் பிரிவில் போடுகிற பூட்ஸ் ஐரோப்பாவுக்கே போகிறது. ரைடிங் ஜாக்கெட், பூட்ஸ் இரண்டையும் நானே செய்துகொள்ளலாமா? கடையில் விலை கேட்டால் தலை சுற்றுகிறது.*
– ஆம்பூர்

உங்கள் ஊர்க்காரர்களுக்குத் தோலைப் பற்றி நான் பாடம் எடுக்க முடியாது. ஆனால் ஃபேஷன் ஜாக்கெட் தோல் வேறு, தார் ரோட்டில் உரசித் தாங்குகிற தோல் வேறு. ஒரு மில்லிமீட்டருக்கும் மெலிந்த ஆட்டுத் தோல் போட்டோவுக்கு நன்றாக இருக்கும். ரோட்டில் விழுந்து இழுபட்டால் கிழிந்துவிடும். 1.2 மில்லிமீட்டருக்குக் குறையாத மாட்டுத் தோல் வேண்டும். அதைவிட முக்கியம் தையல். விழும்போது முதலில் விட்டுக்கொடுப்பது தையல்தான். தோளும் முழங்கையும் ரெண்டு, மூன்று வரிசை தைத்து, அதில் ஒரு வரிசை உள்பக்கம் மறைந்திருக்க வேண்டும். நைலான் அல்லது பாலியஸ்டர் நூல் போடுங்கள், பருத்தி நூல் ஆகாது.

தோள், முழங்கை, முதுகில் வைக்கிற அடி தாங்கிகளை மட்டும் வெளியில் வாங்கிவிடுங்கள். ஈ.என் 1621 என்ற ஐரோப்பியத் தர எண் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஜாக்கெட்டுக்கு ஈ.என் 17092, பூட்ஸுக்கு ஈ.என் 13634. இந்த எண்களை உங்கள் தொழிற்சாலைத் தரக் கட்டுப்பாட்டு ஆட்களிடம் சொல்லிப் பாருங்கள், என்னைவிட நன்றாக விளக்குவார்கள். பூட்ஸில் கணுக்கால் ரெண்டு பக்கமும் கெட்டித் தட்டு, முறுக்கினால் வளையாத அடிப்பாகம், கியர் படுகிற இடத்தில் கூடுதல் ஒரு தோல். லேஸ் வேண்டாம், கியர் லிவரில் மாட்டும்.

ஒரு சந்தேகம்: நம் வேலூர் வெயிலில் தோல் ஜாக்கெட் போட்டுக்கொண்டு கிளம்பினால் கர்னூல் தாண்டுவதற்குள் வெந்துவிடுவீர்கள். இந்தியாவுக்குள் ஓட்டும் தூரத்துக்கு வலைத் துணி ஜாக்கெட் போட்டுக்கொண்டு, தோலை மலைக்கு வைத்துக்கொள்ளலாம்.

*அண்ணா, எங்கள் வீட்டில் வண்டி ஓட்டுவது நான், பின்னால் உட்காருவது அவர். வியட்நாமில் வாடகைக்கு வண்டி எடுத்து ஹா ஜியாங் மலைப்பாதையைச் சுற்ற ஆசை. இன்டர்நேஷனல் லைசென்ஸ் வாங்கிவிட்டேன். எங்களுடன் இன்னும் ரெண்டு ஜோடிகள் வருகிறார்கள். வேறு என்ன வேண்டும்?*
– பட்டுச்சேலைக் கடை நடத்துபவர், ஆரணி

வாங்கிய அந்த இன்டர்நேஷனல் லைசென்ஸ் வியட்நாமில் செல்லாது தங்கச்சி. நம் ஆர்டிஓ அலுவலகத்தில் 1,000 ரூபாய் கட்டி வாங்குகிறது 1949 ஜெனீவா உடன்படிக்கைப்படி தரப்படுவது. வியட்நாம் ஏற்பது 1968 வியன்னா உடன்படிக்கைப்படி தரப்படுவதை. வாடகைக் கடைக்காரர் இதையெல்லாம் கேட்க மாட்டார், சாவியைக் கொடுத்துவிடுவார். போலீஸ் நிறுத்தினால் அபராதம். அதையாவது கட்டிவிடலாம். கீழே விழுந்து எலும்பு முறிந்தால்தான் சிக்கல்: செல்லுபடியான லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியவருக்குப் பயண இன்ஷூரன்ஸ் பணம் தராது. போதாததற்கு அங்கே வலதுபக்க ஓட்டம். நேர் ரோட்டில் பழகிவிடும். டீ குடித்துவிட்டு மறுபடி கிளம்புகிற முதல் நிமிடத்தில் கை தானாக இடது பக்கம் இழுக்கும், விபத்து அங்கேதான்.

ஹா ஜியாங்தான் வேண்டுமென்றால் அங்கே 'ஈசி ரைடர்' என்று உள்ளூர் ஓட்டுநரோடு வண்டி கிடைக்கும். நீங்கள் பின்னால் உட்கார்ந்து மலை பார்க்கலாம். உங்கள் கடிதத்தின் முதல் வரியைப் படித்த பிறகு அதை உங்களுக்குச் சொல்ல மனம் வரவில்லை.

தாய்லாந்து போங்கள். நம்மைப்போல் இடதுபக்க ஓட்டம், நம் இன்டர்நேஷனல் லைசென்ஸ் செல்லும். அதில் மோட்டார் சைக்கிள் பிரிவில் முத்திரை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். கார் பிரிவில் மட்டும் குத்திக் கொடுத்துவிடுவது உண்டு. வடக்கே சியாங் மாய் நகரத்திலிருந்து 'பாய்' என்கிற மலை ஊருக்குப் போகிற ரோட்டில் 762 வளைவு என்று டீ ஷர்ட்டிலேயே அச்சடித்து விற்கிறார்கள். அங்கிருந்து மே ஹோங் சோன் போய்ச் சுற்றிவந்தால் 600 கிலோமீட்டர், 1,864 வளைவு. ஏலகிரியில் கை பழகியவருக்கு அது நல்ல விருந்து. நவம்பரிலிருந்து ஜனவரிக்குள் போங்கள். பிப்ரவரி கடைசியில் வயல் எரிக்கிற புகை சூழ்ந்து மலையே தெரியாது. வாடகை வண்டிக்குப் பாஸ்போர்ட்டை அடமானம் வைக்காதீர்கள், பணமாக முன்பணம் கொடுங்கள். வண்டியில் இருக்கிற கீறல் ஒவ்வொன்றையும் கடைக்காரர் எதிரிலேயே வீடியோ எடுங்கள். ஹெல்மெட் இங்கிருந்தே கொண்டுபோங்கள், அங்கே வாடகைக்குத் தருவது சும்மா தொப்பிதான்.

*பணத்தை யார் வைத்துக்கொள்வது என்பதில் எங்கள் கூட்டத்தில் இப்போதே முறைப்பு. நீங்கள் என்ன சொல்வீர்கள்?*
– வங்கி ஊழியர், வாலாஜாபேட்டை

வங்கி ஊழியர் இதை மெக்கானிக்கிடம் கேட்பது வேடிக்கையாகத்தான் இருக்கிறது. ஒரு பொதுப் பை வையுங்கள். எல்லாரும் ஒரே தொகையைப் போடுங்கள். அறை வாடகை, பொதுச் சாப்பாடு, பார்க்கிங், எல்லைக் கட்டணம் அதிலிருந்து. பெட்ரோல் அவரவர் செலவு, ஏனென்றால் வண்டிக்கு வண்டி மைலேஜ் மாறும். தண்ணி போடுகிற செலவும் அவரவர் செலவு. இதைச் சொல்லக் கூச்சப்பட்டு விட்டுவிட்டுத்தான் பாதிக் கூட்டம் பேச்சுவார்த்தை இல்லாமல் திரும்புகிறது. பையை ஒருவர் வைத்திருக்கட்டும், கணக்கை இன்னொருவர் எழுதட்டும், ராத்திரி சாப்பாட்டு மேசையில் வாசித்துவிட்டுத் தூங்குங்கள்.

இதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது, அதை யாரும் எனக்கு எழுதவில்லை. ஒருவர் விழுந்து கால் உடைந்து ஆஸ்பத்திரியில் படுத்தால் கூட யார் நிற்பார்கள்? 'எல்லாரும் நிற்போம்' என்று இங்கே பிரியாணிக் கடையில் உட்கார்ந்து சொல்வது சுலபம். அங்கே விசா நாள் முடியும், லீவு முடியும், திரும்புகிற டிக்கெட் போய்விடும். ரெண்டு ரெண்டு பேராக ஜோடி கட்டிவிடுங்கள். ஒருவர் விழுந்தால் ஜோடிக்காரர் நிற்பார், மற்றவர்கள் பயணத்தைத் தொடரலாம், யாரும் யாரையும் குற்றம் சொல்லக் கூடாது. இந்த ஜோடி யார் யார் என்று அவரவர் வீட்டுக்கும் தெரிய வேண்டும். அவரவர் ரத்த வகை, ஒவ்வாமை, பாலிசி எண், வீட்டு போன் நம்பர் எல்லாம் ஒரு தாளில் எழுதி ஜோடிக்காரர் பையில் இருக்கட்டும். செல்போனில் இருந்தால் போதாது, விழுகிறபோது முதலில் உடைவது அதுதான்.

*என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் வங்காளிகள், பூடான்காரர்கள்கூட வருவார்கள். அவர்கள் கூப்பிட்டுக் கூப்பிட்டு பூடான் போக ஆசை வந்துவிட்டது. எனக்கு ஓட்டை இந்திதான் தெரியும்.*
– மருந்துக் கடைக்காரர், சி.எம்.சி எதிரில், வேலூர்

சி.எம்.சி எதிரில் கடை வைத்திருப்பவருக்கு மொழிப் பயம் என்றால் நம்ப முடியவில்லையே! பூடானில் இந்தியும் ஆங்கிலமும் நிறையப் பேருக்குத் தெரியும். நம் பக்கத்து எல்லை ஊரான ஜெய்காவ் தாண்டினால் பூடானின் புன்ட்ஷோலிங், அங்கே நுழைவு அனுமதி எடுக்க வேண்டும். பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை காட்டினால் போதும், விசா இல்லை. ஆனால் இந்தியருக்கும் ஆளுக்கு ஒரு ராத்திரிக்கு 1,200 ரூபாய் வளர்ச்சிக் கட்டணம் உண்டு. பத்து ராத்திரி தங்கினால் 12,000. உள்ளே நம் வண்டியைக் கொண்டுபோக வேறு தனிக் கட்டணம். அதனால் அங்கே சுற்றுகிற நாளைக் குறைத்து, நம் எல்லைக்குள் சிலிகுரி, டுவார்ஸ் பக்கம் நாளைக் கூட்டிக்கொள்ளுங்கள். ஊர் திரும்பியதும் அந்த வாடிக்கையாளர்களுக்கு மருந்தில் தள்ளுபடி கொடுக்க வேண்டியிருக்கும்.

*வயது 56. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். ரிட்டயர்டு ஆன ரெண்டு நண்பர்களோடு ஒரு வெளிநாடாவது வண்டியில் சுற்ற வேண்டும். பையன் 'இன்னாப்பா இந்த வயசுல' என்கிறான்.*
– முன்னாள் போக்குவரத்துக் கழக ஊழியர், காட்பாடி

பையன் கிடக்கிறான். இலங்கை போங்கள். சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு விமானம் இருக்கிறது. இறங்கினால் தமிழ், இடதுபக்க ஓட்டம், சாப்பாடும் ஒத்துப்போகும். யாழ்ப்பாணத்திலிருந்து கண்டி வரை ஏ9 ரோடு 320 கிலோமீட்டர் சொச்சம், கிளிநொச்சி, வவுனியா, தம்புள்ள வழி. அவசரப்படாமல் மூன்று நாளில் போகலாம். அங்கே அதிவேகச் சாலைகளில் மோட்டார் சைக்கிளை விட மாட்டார்கள், அது உங்களுக்கு நல்லதுதான். நம் இன்டர்நேஷனல் லைசென்ஸை நேராகக் காட்டினால் போதாது, அங்கே ஒப்புதல் பெற வேண்டும் அல்லது தற்காலிக அனுமதி எடுக்க வேண்டும். வாடகைக் கடைக்காரரிடம் முன்கூட்டியே பேசிவிட்டால் அவரே ஏற்பாடு செய்து தருவார். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023-ல் தொடங்கிய கப்பலில் வண்டியை ஏற்றலாமா என்று கேட்பீர்கள். அது ஆட்களை ஏற்றுகிற கப்பல்.

சர்க்கரைக்கு ரெண்டு விஷயம். சாப்பாட்டு நேரம் தவறக் கூடாது. மாத்திரை போட்டுவிட்டு 'அடுத்த ஊரில் சாப்பிடலாம்' என்று ஓட்டினால் வண்டியிலேயே மயக்கம் வரும். பாக்கெட்டில் எப்போதும் மிட்டாயோ குளுக்கோஸோ இருக்க வேண்டும், நண்பர்கள் ரெண்டு பேருக்கும் விஷயம் தெரிந்திருக்க வேண்டும். அடுத்தது பாதம். கியரும் பின் பிரேக்கும் காலில்தான் இருக்கின்றன. பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கிறதா என்று டாக்டரிடம் காட்டிவிட்டு டிக்கெட் போடுங்கள்.

அதற்கும் முன்னால் லைசென்ஸை எடுத்துத் தேதி பாருங்கள். 55 வயதுக்கு மேல் ஐந்து வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும், மருத்துவச் சான்றோடு. இன்டர்நேஷனல் லைசென்ஸ் ஒரு வருடம் என்று எழுதியிருந்தாலும் ஊர் லைசென்ஸ் முடிகிற அன்றைக்கு அதுவும் முடிந்துவிடும். இவ்வளவு வருடம் டிப்போவில் மற்றவர்கள் லைசென்ஸைச் சரிபார்த்த கை, சொந்த லைசென்ஸைப் பார்த்திருக்காது.